ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே

பேய் திரைக்கு வந்தது. அரங்கத்தில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள்.

வாய்க்குள் சிரிக்கிற சிரிப்பு இல்லை. முன் வரிசையில் ஒருவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இத்தனைக்கும் பேயிடம் ஒரு குறையும் கிடையாது. இடுப்பு வரை கூந்தல், சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம், பின்னாலிருந்து நீல வெளிச்சம், காலடியில் புகை, ஒரு பக்கமாகச் சாய்ந்த கேமரா. பேய்ப்படத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தன. கோளாறே அதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

படம் என் அக்காவுடையது. அவள் இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவு அவள் கணவர், அதாவது என் மாமா. நான் இருவருக்கும் எடுபிடி. படத்தை வெளியிட முன்வந்த விநியோகஸ்தர், வாங்குவதற்கு முன்னால் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெருவில் போகிற நாற்பது பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. பக்கச் சுவரில் சாய்ந்து நின்று, திரையை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வேலை தந்த பழக்கம். ஒரு பெரிய கிடங்கில் மூன்று வருடம் எனக்கு இரவுப் பணி. எதிரே பதினாறு சின்னத் திரைகள், அவற்றில் பதினாறு காலி நடைபாதைகள். யாராவது அசைகிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரும் அசைய மாட்டார்கள். ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. காரணத்தை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பேய் இரண்டாவது முறை வந்தது. சிரிப்பு. மூன்றாவது முறை, புகை தலைகாட்டியதுமே சிரிப்பு. "மேடம் வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல். நீலம் தெரிந்தால் பேய் வரும் என்பதை அவர்கள் பத்தே நிமிடத்தில் படித்துவிட்டார்கள். பேருந்து வரும் நேரம் தெரிந்தவர்கள் மாதிரி காத்திருந்து கைதட்டி வரவேற்றார்கள்.

நான்காவது சிரிப்புக்குப் பிறகு அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் மாமாவுக்குத் திரை வெறும் வண்ணப் படலம். விநியோகஸ்தர் போன் பேச வெளியே போனார்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அது நடந்தது.

பகல் காட்சி. பேய் கிடையாது, புகை கிடையாது, இசைகூடக் கிடையாது. புது வீட்டுக்குக் குடிவந்த ஒரு தாய் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தபடி தங்கையோடு போனில் பேசுகிறாள். ஜன்னலில் வெயில். ஓரமாக ஒரு ஃபிரிட்ஜ். நாற்பது விநாடி. எடுத்துவிடலாம் என்று மாமா பலமுறை சொன்ன காட்சி.

அரங்கம் அடங்கியது. முதலில் பொரி பொட்டலத்தின் சரசரப்பு நின்றது. தொடையில் தட்டியவர் கை தொடையிலேயே நின்றுவிட்டது. நடு வரிசையில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் இருக்கை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள்: "அங்க பாரு... அங்க."

என் கையில் ரோமம் நட்டுக்கொண்டது. சட்டென்று திரையைப் பார்த்தேன். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. நீலம். புகை. நாற்பது பேரும் மூச்சு விட்டு, நன்றியோடு சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் கால் தூக்கிய பெண்ணை வாசலில் பிடித்தேன்.

"அக்கா, அந்தச் சமையல்கட்டு சீன்ல என்ன பார்த்தீங்க?"

"அதைப் பத்திப் பேசாதீங்க தம்பி. நான் இனிமே வீட்டுக்குப் போய்ச் சமைக்கணும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

விநியோகஸ்தர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பிரமாதம்மா! வயித்து வலியே வந்துடுச்சு எனக்கு. பேரை மாத்துறோம். பேய் வர்ற இடத்துல எல்லாம் 'டொய்ங்'னு ஒரு சத்தம் வைக்கிறோம். குடும்பத்தோட வந்து சிரிப்பாங்க."

"சார், அது பயப்படறதுக்கு எடுத்த படம்" என்றாள் அக்கா.

"யாரும்மா பயந்தாங்க? உள்ள பயந்து போய் இருந்தது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எனக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க" என்றாள் அக்கா. குரல் உடையவில்லை. அவள் அழுகிற ஜாதி இல்லை, கடிக்கிற ஜாதி. "வெள்ளிக்கிழமை. வேற நாற்பது பேர்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வெள்ளிக்கிழமை இதே நேரம். அன்னிக்கும் சிரிச்சாங்கன்னா டொய்ங். அப்புறம் எங்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

*

வீட்டின் பின்பக்கப் படுக்கையறைதான் எங்கள் ஸ்டூடியோ. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவருக்குக் கறுப்புப் பெயின்ட், நடுவில் ஒரு பெரிய திரை. படத்தின் நிறத்தையும் இருளையும் மாமா இரண்டு மாதம் உட்கார்ந்து சரிசெய்தது அந்தத் திரையில்தான்.

"சமையல்கட்டு சீனைப் போடுங்க மாமா."

"அதுல ஒண்ணுமே இல்லையேடா."

போட்டார். தண்ணீர், போன், வெயில். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை. அவ்வளவுதான். மூன்று முறை பார்த்தோம்.

"பயந்தாங்கங்கிறே, எதுக்கு? டீச்சர் தண்ணி குடிச்சதுக்கா?" என்றாள் அக்கா. அந்தத் தாயாக நடித்தவர் நிஜத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அதனால் எங்களுக்கு அவர் டீச்சர்.

எனக்குக் கண் எரிந்தது. கை தன் பாட்டுக்குத் திரையின் அடிப்பக்கம் போய் வெளிச்சத்தைக் குறைக்கிற பொத்தானைத் தேடியது. மூன்று வருட இரவு வேலை என் கண்ணைக் கெடுத்துவிட்டது. எந்தத் திரை முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் அதன் வெளிச்சத்தை இறக்கிவிடுவேன். எதற்கு என்று யோசிப்பதுகூட இல்லை. பொத்தானை அழுத்தினேன். எண் தெரிந்தது.

"மாமா, இந்தத் திரையோட வெளிச்சம் எவ்வளவுல இருக்கணும்?"

"ஐம்பது. எப்பவும் ஐம்பதுதான். ஏன்?"

"இருபதுல இருக்கு."

மாமா குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"எப்போ இருந்து?" மாமாவின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

"நீங்க மதியம் தூங்கப் போவீங்கள்ல, அப்ப நான் உட்கார்ந்து ஏதாவது பார்ப்பேன்... நீங்க கலர் வேலை ஆரம்பிச்ச வாரமா இருக்கும்."

"இவனை அந்த நைட் வேலைக்கு அனுப்பினது தப்பு" என்றாள் அக்கா. "அங்க இருந்து திரும்பி வர விட்டது அதைவிடத் தப்பு."

மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, தொழில்காரர் ஆயிற்றே, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். திரை மங்கலாக இருந்ததால், படமே மங்கல் என்று நினைத்து, ஒவ்வொரு காட்சியையும் தூக்கித் தூக்கி வெளிச்சமாக்கியிருக்கிறார். இங்கே கரிக்கட்டையாகத் தெரிந்த மூலையெல்லாம் அரங்கத்தின் பெரிய திரையில் சாம்பலாக வெளுத்திருக்கும். பேயின் விக்குக்குள் செருகிய ஊசிகூடத் தெரிந்திருக்கும்.

"அப்போ இருட்டுன்னு நம்பி நாம ஒளிச்சு வெச்சது எல்லாத்தையும் நாற்பது பேர் பார்த்திருக்காங்க" என்றாள் அக்கா மெல்ல. "தூக்குடா அந்த வெளிச்சத்தை."

இருபது, முப்பது, நாற்பது. டீச்சர் போனில் ஏதோ சொல்லிச் சிரிக்கிற இடத்தில் படம் நின்றிருந்தது. ஐம்பது.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

குந்தியிருந்தான். முழங்காலில் தாடை. ஒரு கை ஃபிரிட்ஜின் பின்பக்கம். கண் திறந்திருந்தது. டீச்சரைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. எதையோ எதிர்பார்த்து, அது இன்னும் வரவில்லை என்பது போல, கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாமாவின் டீ அவர் மடியில் கொட்டியது. நான் எப்போது எழுந்து கதவருகே போனேன் என்று எனக்கே தெரியாது.

"யாருடா அது? யாருடா அது?"

மாமா நனைந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "அடச்சே. இது நம்ம ஆணி!"

ஆணி அண்ணன் எங்கள் செட்டுக்காரர். மேஜை, சுவர், கதவு எல்லாம் அவர் கைவேலை. பேசும்போதும் உதட்டில் நாலு ஆணி இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

சிரித்தோம். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு அக்கா திடீரென்று நிறுத்தினாள்.

"திரும்பப் போடு."

போட்டோம். அவர்தான் என்று தெரியும். அவருக்கு மூன்று பெண்கள், மூட்டு வலி, இருட்டில் தனியாகப் போகப் பயம். எல்லாம் தெரிந்தும் முதுகில் சில்லென்று ஓடியது. ஒன்பது முறை போட்டோம். ஒன்பது முறையும் ஓடியது.

அக்கா எழுந்து நின்றாள். கண் பளபளத்தது. "கிடைச்சுடுச்சுடா" என்றாள். "ரெண்டு வருஷமா நான் தேடினது ஃபிரிட்ஜ் சந்துல உட்கார்ந்திருக்கு!"

*

ஆணி அண்ணனை வரவழைத்துக் காட்டினோம். ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"ஐயையோ, மன்னிச்சுடும்மா. நான் ஃப்ரேம்ல தெரியறதாவது! என் மானமே போச்சு."

"அங்க என்னண்ணே பண்ணீங்க?"

"அது ஓட்டை ஃபிரிட்ஜும்மா. பழைய சாமான் கடையில எடுத்தது. கதவு நிக்காது, வாயைத் திறந்துக்கிட்டே இருக்கும். பின்னாடி ஒரு கம்பியைக் கட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ எப்போ கட் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு."

காத்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. அப்போதுதான் கிடங்கு விஷயத்தை அவர்களிடம் சொன்னேன். பதினோராம் திரை. அடுக்குகளுக்கு நடுவே ஒருவன் வந்து நின்றான். கையைத் தொங்கவிட்டபடி நாற்பது நிமிடம் நின்றான். திருடவில்லை, புகைக்கவில்லை, சுவரில் சாயக்கூட இல்லை. கூட்டாளிக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் என்று பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? நான் எழுந்து வந்துவிட்டேன்.

"இதுக்கா வேலையை விட்டே?" என்றார் மாமா.

"நீங்க இப்ப எதுக்கு டீயைக் கொட்டினீங்க?"

அவர் வேட்டியில் இருந்த டீக் கறையை நகத்தால் சுரண்டினார்.

அன்று மதியமே சண்டை தொடங்கியது. பேய் வருகிற ஏழு இடத்தையும் வெட்டிவிட வேண்டும் என்றாள் அக்கா. டீச்சர் எதையோ பார்த்து மிரள்வது இருக்கட்டும், எதைப் பார்த்தாள் என்று காட்ட வேண்டாம். நீலம் வேண்டாம், புகை வேண்டாம், கேமரா நேராக நிற்கட்டும்.

"நீலத்தையும் எடுத்துட்டு, புகையையும் எடுத்துட்டா, இது பேய்ப்படம்னு எவனுக்குத் தெரியும்?" என்று மாமா கத்தினார். "ஒரு பொம்பளை வீடு மாத்துறா, பெட்டி தூக்குறா, தண்ணி குடிக்கிறா. குடும்பப் படம்னு நினைச்சு ஃபிரிட்ஜ் சீன் வர்றதுக்குள்ள தூங்கிடுவான். அந்தச் சந்துல ஆள் இருந்தா என்ன, ஆடு இருந்தா என்ன? பார்த்தாத்தானே!"

எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. பயப்பட வேண்டும் என்று யாராவது முதலில் காதில் போட வேண்டும். ஆனால் கத்திச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

"அப்படீன்னா சத்தமில்லாம சொல்லுங்க" என்றாள் அக்கா. "நீங்கதானே கேமராமேன்? நானா?"

மாமா முறைத்துக்கொண்டே முதல் காட்சியைத் திரையில் போட்டார். டீச்சர் பெட்டியோடு வீட்டுக்குள் வந்து நிற்கிற காட்சி. முகம் நட்ட நடுவில், பின்னால் நீல ஒளி. முதலில் நீலத்தை எடுத்தார். சாதாரண வெயில். பிறகு எதற்கோ படத்தைப் பெரிதாக்கி, மெல்ல நகர்த்தினார். டீச்சரின் முகம் நடுவிலிருந்து இடது ஓரத்துக்குப் போனது. காது வெட்டுப்படுகிற அளவுக்கு ஓரம். மீதித் திரை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடக்கிற ஒரு கதவு, அதற்கு அப்பால் கொஞ்சம் மங்கலான நடைவழி. ஆள் யாரும் இல்லை.

மூன்று பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"மாமா" என்றேன், "யாரோ வரப் போற மாதிரி இருக்கு."

"யாரும் வர மாட்டாங்கடா."

"தெரியும். ஆனா வர்ற மாதிரி இருக்கு."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. கல்யாணப் புகைப்படத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. "காலி இடத்தை விட்டா போதும், பார்க்கிறவனே ஆள் தேடுவான்" என்று நாற்காலியைச் சுழற்றினார். "ஏய், எல்லா சீனும் பெருசா எடுத்து வெச்சிருக்கேன். எங்க வேணும்னாலும் நகர்த்தலாம்!"

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் அக்கா. அவள் சொல்லவில்லை. யாரும் தகராறு செய்யவில்லை.

*

டீச்சருக்குப் புதன்கிழமை ஒரு நாள்தான் விடுப்பு. படம் எடுத்த அதே வீட்டில் காலை ஏழு மணிக்குக் கூடினோம். சமையலறைக் காட்சி இருக்கிறது. அது போல இன்னும் இரண்டு இடத்தில் ஆணி அண்ணன் வேண்டும். கூடவே கடைசிக் காட்சிக்கு ஏதாவது வேண்டும், என்ன என்று யாருக்கும் தெரியாது.

மொட்டை மாடியில், காய்கிற துணிகளுக்கு நடுவே அண்ணனை நிறுத்தினோம். டீச்சர் துணி எடுக்கிறாள், நாலு சேலைக்கு அப்பால் இவர் நிற்கிறார். சுலபம்.

"ஆக்‌ஷன்!"

அண்ணன் கண்ணை உருட்டினார். பல்லைக் கடித்தார். விரல்களை நண்டு மாதிரி விரித்தார்.

டீச்சர் துணிக் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்னண்ணே இது?"

"பேய்ன்னா பயமுறுத்த வேணாமாம்மா? வீட்ல கண்ணாடி முன்னாடி பழகிட்டு வந்தேன். என் கடைசிப் பொண்ணு அழுதுடுச்சு."

"ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா நில்லுங்க."

சும்மா நின்றார். அது இன்னும் மோசம். சும்மா நிற்கிற மாதிரி நடிக்கிற ஆள், அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுக்க நிற்கிறவன் மாதிரி இருந்தார். பதினோரு முறை எடுத்தோம். வெயில் ஏறியது. மாமா மெதுவாக, "கொஞ்சம் நீல லைட் போட்டுப் பார்க்கலாமா?" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் சேலைகள் சீக்கிரம் காய்ந்திருக்கும்.

நான் கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய், அந்த முனையில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தேன். ஈரச் சேலைகளின் பாரத்தில் கயிறு சரிந்தது. அண்ணன் பாய்ந்து பிடித்தார்.

"டேய், என்னடா பண்றே?"

"முடிச்சு நிக்க மாட்டேங்குதுண்ணே. நீங்க பிடிச்சுக்குங்க. விட்டீங்கன்னா துணி எல்லாம் மண்ணு. அக்கா கட் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"இதை முதல்லயே சொல்ல வேணாமா? நடிக்க வேற சொல்றீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

மாமா கேமராவில் கண்ணை வைத்தார். வைத்தவர், கையால் என் தோளைத் தேடிப் பிடித்து நசுக்கினார். நான் சின்னத் திரையில் பார்த்தேன். பட்டப்பகல். வெள்ளை வெயில். மஞ்சள் சேலைக்கும் வெள்ளை விரிப்புக்கும் நடுவே ஒருவன், ஒரு கை தலைக்கு மேலே, எதற்கோ காத்துக்கொண்டிருந்தான். அந்த முகம் வந்துவிட்டது.

"எடுங்க எடுங்க எடுங்க" என்று அக்கா மூச்சு விடாமல் சொன்னாள்.

அடுத்த இடம் படுக்கையறை. பீரோவின் ஒரு காலை நான் ரகசியமாக உருவிவிட்டேன். அண்ணன் கால் மணி நேரம் அதைத் தோளில் தாங்கிக்கொண்டு கதவோரம் நின்றார். மூன்றே முறையில் முடிந்தது.

மாலை நாலு மணிக்குச் சமையலறை. கடைசிக் காட்சிக்கு டீச்சர் வெறுமனே அடுப்படியில் நிற்கட்டும், பார்ப்போம் என்றாள் அக்கா. அண்ணன் பழையபடி ஃபிரிட்ஜ் சந்தில் கம்பியோடு உட்கார்ந்தார். எடுத்தோம். நன்றாகத்தான் வந்தது. ஆனால் புதிதாக ஒன்றுமில்லை. "சரி, டீ" என்றாள் அக்கா சோர்ந்து. டீச்சர் வெளியே போனாள். அண்ணன் கம்பியை விட்டுவிட்டு, முட்டியைத் தேய்த்தபடி அவள் பின்னாலேயே போனார். மாமா கேமராவை நிறுத்தவில்லை. மறந்துவிட்டார். அவருக்கு எப்போதும் டீதான் முதலில்.

நானும் அக்காவும் மட்டும் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காலிச் சமையலறை. காலிச் சந்து. சாயங்கால வெயில்.

ஃபிரிட்ஜ் கதவு, மெல்ல, தானாகத் திறந்துகொண்டது.

அக்கா தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அத்தனை நேரமும் அதை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் அங்கே இல்லை.

கதவு முழுக்கத் திறந்து நின்றதும் அவள் "கட்" என்றாள். யாருக்கும் கேட்காத குரலில். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். முப்பத்தாறு வயதுப் பெண்மணி. என் காலில் இரண்டு முறை மிதித்தாள்.

*

வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி, வேறு நாற்பது பேர். விநியோகஸ்தர் இந்த முறை போனை அணைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். போகிற போக்கில் என்னிடம், "டொய்ங் ரெடியா வெச்சிருக்கேன் தம்பி" என்று கண் சிமிட்டினார். நான் என் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டேன்.

முதல் காட்சி. ஓரத்தில் டீச்சரின் முகம், பின்னால் திறந்த கதவு. நாற்பது தலைகள் கொஞ்சம் வலது பக்கம் திரும்பின. முகத்தை விட்டுவிட்டு எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

இருபதாவது நிமிடம் டீச்சர் கையிலிருந்து பெட்டி நழுவி விழுந்தபோது, ஒருவர் சிரித்தார். அக்காவின் முதுகு விறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. சிரித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவர். அவரும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மொட்டை மாடியில் அந்த ஆளை முதலில் பார்த்தது மூன்று பேர். அவர்கள் மூச்சை இழுத்தது மற்றவர்களுக்குக் கேட்டது. மற்றவர்களும் தேடினார்கள். தேடிக் கண்டுபிடிக்கிறவர்களின் முகம் ஒவ்வொன்றாக மாறுவதை நான் சுவரோரம் நின்று பார்த்தேன், விளக்கு ஒவ்வொன்றாக அணைகிற மாதிரி. சமையலறைக் காட்சியில் யாரும் யாருக்கும் சுட்டிக்காட்டவே இல்லை. அவர்களே பார்த்துக்கொண்டார்கள். படுக்கையறையில் ஒருவர் எழுந்தார், வெளியே போவது போல. வெளியே போகிற வழி இருட்டாக இருந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கடைசிக் காட்சி. காலிச் சமையலறை. கதவு திறந்தது. திரை அணைந்தது. அரங்கமே கும்மிருட்டு.

"அவன் எங்கடா போனான்?" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது.

அப்போதுதான் அரங்கத்தின் விளக்குகள் மெல்ல ஏறத் தொடங்கின. நாற்பது பேரும் திரும்பி, முதலில் பின்னால் பார்த்தார்கள், பிறகு பக்கவாட்டில் பார்த்தார்கள். பக்கச் சுவரில் ஒருவன் கையைத் தொங்கவிட்டபடி, அசையாமல் நின்று, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பது பேரும் அலறினார்கள்.

நானும் அலறினேன்.

வாசலுக்கு விநியோகஸ்தர் கடைசியாகத்தான் வந்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். டொய்ங் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அக்கா நகத்தைக் கடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

"பேரை மாத்த வேணாம்" என்றார். "இப்படியே போகட்டும். அடுத்த மாசம் வெளியிடறோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேட்கட்டுமாம்மா? அந்த ஆளு மொத்தம் எத்தனை இடத்துல வர்றான்?"

"மூணு இடம் சார்."

"இல்ல, நாலு."

"மூணுதான் சார். மாடி, சமையல்கட்டு, பெட்ரூம்."

"அப்போ முதல் சீன்ல, அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னது யாரு?"

அங்கே யாரும் இல்லை. காலி நடைவழிதான். மாமா கட்டம் கட்டமாக வெட்டி நகர்த்தியது, அவருக்கு ஒவ்வொரு புள்ளியும் தெரியும். அவர் சந்தோஷமாக வாயைத் திறந்தார்.

"சார், அங்க வந்து யாருமே—"

அக்கா அவர் காலை மிதித்தாள். செருப்புக் குதிகாலால், முழு பலத்தோடு.

"பார்த்துட்டீங்களா சார்?" என்றாள். "யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சோம்."